ஒரு கோணி வைன் தக்கை

புதன்கிழமை காலையில் வளர்மதிக்குக் கட்டைவிரல் அறுபட்டது. வேகவைத்த தக்கையை வட்டமாக நறுக்கும்போது கத்தி வழுக்கிவிட்டது. சாலவாக்கம் ஆஸ்பத்திரியில் மூன்று தையல் போட்டார்கள். வலிகூடப் பெரிதாகத் தெரியவில்லை, சனிக்கிழமைக்குள் வேலை முடியுமா என்றுதான் கவலை.

எல்லாம் வைன் பாட்டில் தக்கை. மாமல்லபுரம் பக்கம் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவும் அடுத்த தெரு திலகா, அங்கே குப்பையில் போடுவதைக் கோணியில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்து கொடுப்பாள். வளர்மதி அதை வேகவைத்து, நறுக்கி, ஒட்டி, ஓரத்தில் சணல் சுற்றி, டம்ளர் வைக்கும் தட்டு செய்வாள். முதலில் தெருவே சிரித்தது. இப்போது அந்த விடுதிக்காரர்களே சனிக்கிழமை நடக்கிற ஒரு கல்யாணத்துக்கு நூறு தட்டு கேட்டிருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து அவளை நம்பி ஒருவர் கொடுத்த முதல் வேலை அது. விட மனசு வருமா?

கூடமாட உதவ வீட்டில் ஆள் இல்லாமலில்லை. புருஷன் ஜெகன் டிராக்டர் ஓட்டுகிறவன். அறுப்பு முடிந்து சும்மாதான் இருந்தான்.

"யோவ், கொஞ்சம் நறுக்கிக் குடேன். நான் ஒட்டிக்கிறேன்."

"கயிறு கட்டிக்கினு கீறேன்ல? அத்தயெல்லாம் தொடக்கூடாது."

இனிமேல் குடிப்பதில்லை என்று அம்மன் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு ஏழு மாசம். அன்றிலிருந்து ஒரு சொட்டு தொட்டதில்லை, அது சத்தியம். ஆனால் வெந்நீரில் வெந்த தக்கையில் என்ன சாமி குத்தம்? அடுப்பில் குண்டானை ஏற்றினாலே சட்டையை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுகிறான். பொண்டாட்டியை நாலு பேர் மெச்சினால் பொறுக்காத புத்தி என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

வியாழக்கிழமை அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"என் வேலன்னா உனக்கு எளக்காரம், அப்டித்தான?" என்று ஒரு கை தக்கையை அள்ளி அவன் மடியில் கொட்டினாள்.

அவன் துள்ளி எழுந்தான். லுங்கி மடிப்பில் ஒன்று சிக்கிக்கொண்டது. எடுத்தவன் அதைக் கீழே போடவில்லை. மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டான்.

வளர்மதிக்குப் பகீரென்றது.

"சாமிக்கு பயந்துக்கினு இல்ல வளரு," என்றான். "நீ வேகவெச்சா வூடு முழுக்க அந்த வாடை. ஏரிக்கரைல பல்ல கடிச்சிக்கினு குந்திக்கினு கீறேன். எழுந்தா கால் கடைக்குத்தான் போவும்."

"வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"மொத தட்ட செஞ்சிட்டு நீ சிரிச்ச பாரு, அப்டி நீ சிரிச்சி நான் பாத்ததே இல்ல. எப்டி சொல்றது?"

பாவி மனுஷன். இத்தனை நாள் அவனைப் பற்றி என்னென்னவோ நினைத்துவிட்டோமே. தட்டு வராது என்று விடுதிக்குச் சொல்லிவிட வளர்மதி போனை எடுத்தாள். அவன் பிடுங்கிக்கொண்டான்.

"வேணாம். உன்னாலதான் வேல போச்சின்னு என்னிக்கனா ஒரு நாள் சொல்லுவ. அன்னிக்கி கண்டிப்பா குடிப்பேன்."

சொல்லிவிடுவாள் என்று அவளுக்கே தெரியும்.

கடைசியில் மறுநாள் காலை கோணியையும் குண்டானையும் திலகா வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். திலகா லீவு போட்டுவிட்டு நறுக்க உட்கார்ந்தாள். ஜெகன் எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டான்.

"தனியா இருந்தா கடைக்குப் போய்டுவேன். நான் எழுந்தேன்னா கூப்புடு," என்றான்.

மத்தியானம் காற்று திரும்பியது. குண்டான் கொதிக்கிற வாடை மரத்தடிக்குப் போயிருக்க வேண்டும். ஜெகன் எழுந்து, கடை இருக்கிற பஸ் ரோட்டுப் பக்கம் நடந்தான்.

"யோவ்," என்றாள். அவன் நிற்கவில்லை. "இந்தாய்யா, உன்னத்தான்." அதற்கும் நிற்கவில்லை.

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் புருஷன் பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைத்தான் சொல்லச் சொல்வாள். தெருவில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜெகன்," என்று கத்தினாள். "ஜெகன், இங்க வா."

தெருவே திரும்பிப் பார்த்தது. அவனும் திரும்பினான்.