சாம்பிளுக்குப் போன நல்ல மணிகள்

மூன்றாவது முறையும் அதே முடிவுதான் வந்தது. பீரில் பூஞ்சை நஞ்சு, அனுமதித்த அளவைப் போல மூன்று மடங்கு. அந்த பீரைக் காய்ச்சிய மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியில், நஞ்சு மருந்துக்குக்கூட இல்லை என்று அவளே கையெழுத்துப் போட்டிருந்தாள். தண்ணீரில் இல்லை, ஈஸ்டில் இல்லை. பிறகு எங்கிருந்து வந்து குதித்தது, ஆகாயத்திலிருந்தா?

பீர் ஆலையின் லேபில் சோதனை பார்க்கிற அவளுக்கு அங்கே பூதக்கண்ணாடி என்று பெயர். குவளையில் ஒரு தூசு கண்டாலும் திருப்பி அனுப்பிவிடுவாள் என்பதால் வைத்தது. அவளுக்கு அது தெரியாது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் போனால் போகிறதென்று விட்டிருந்தாள். இத்தனை காலம் ஆலையில் மால்ட்டை மட்டும்தான் சோதித்தார்கள். மால்ட் சுத்தமென்றால் பீரும் சுத்தம், அவ்வளவுதான் கணக்கு. இந்த மாதம்தான் பீரையும் சோதிக்க வேண்டுமென்று விதி வந்தது. விதி வந்த கையோடு வினையும் வந்தது.

பீர் காய்ச்சுவதற்குப் பொறுப்பான மாஸ்டரிடம் போய்ச் சொன்னாள். முதலில் சோதனைப் பெட்டி கோளாறு என்றார். அப்புறம் அவள் கை கோளாறு என்றார். அதுவும் எடுபடாமல் போகவே, ஒன்றரை மணி நேரம் கொதிக்கிற கொப்பரையில் எந்தப் பூஞ்சை பிழைத்திருக்கும் என்று கேட்டார். இதை அவருக்கு எத்தனை தடவைதான் சொல்வது?

“பூஞ்சை செத்துரும் சார். அது விட்டுட்டுப் போன விஷம் சாகாது. கொதிக்க வச்சாலும் போகாது, புளிக்க வச்சாலும் போகாது.”

“நம்ம பீரைக் குடிச்சு இதுவரைக்கும் யாராவது விழுந்திருக்காங்களா?”

“குடிச்சவங்க விழத்தான் செய்றாங்க. எதனால விழுந்தாங்கன்னு யார் பாத்தது?”

மாஸ்டர் சிரித்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நஞ்சு அன்றைக்கே ஆளைச் சாய்க்காது, வருடக்கணக்கில் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தன் வேலையைக் காட்டும், எவனும் பாட்டிலைச் சந்தேகப்பட மாட்டான், அதனால்தான் நாம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று மூச்சு விடாமல் சொன்னாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மால்ட் கெட்டது என்று காட்டினால் நிறுத்துவதாகவும், இல்லையென்றால் சாப்பாட்டுக்குப் பிறகு லாரிகள் கிளம்பும் என்றும் சொன்னார்.

மால்ட் கிடங்குக்குப் பொறுப்பு அவளுடைய சித்தப்பா. அவளை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவரே. ஒவ்வொரு லோடுக்கும் சாம்பிளை வேறு யாரையும் தொடவிடாமல், மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் அவரே கொண்டுவந்து அவள் மேசையில் வைப்பார். ஆலை தருகிற இரண்டு பாட்டிலைத் தவிர வெளியே சொட்டு குடிக்க மாட்டார். எங்கள் வீட்டுப் பெண் சோதித்துப் பார்த்த சரக்கு என்று நாலு பேரிடம் சொல்லிக் குடிப்பார். இந்தப் பெருமையில் அவளுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

அவள் போனபோது அவர் கூரைக் கண்ணாடியின் வெளிச்சத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மடியில் அகலமான தட்டை வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கி எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். கறுத்த மணி, சாம்பல் பூத்த மணியெல்லாம் ஓரத்தில் ஒதுங்கியிருந்தன. மஞ்சள் மணிகள் டப்பாவுக்குள் போய்க்கொண்டிருந்தன.

“என்ன சித்தப்பா பண்றீங்க?”

“உனக்குத்தாம்மா. சாம்பிள்.”

முன்பிருந்த லேப்காரருக்கு மூட்டையிலிருந்து அப்படியே அள்ளிக் கொடுத்துவிடுவாராம். அவள் வந்த பிறகுதான் இந்தச் சிரத்தை.

“நம்ம பொண்ணு படிச்சிட்டு வந்து உக்காந்திருக்கு. கண்டதை அள்ளி அனுப்ப முடியுமா? உனக்கு ஒரு கெட்ட பேரு வந்துறக் கூடாதுல்ல.”

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கோளாறை அவள் கண்ணுக்குத் தப்பவைக்க எதிரி யாரும் தேவைப்படவில்லை, சொந்தச் சித்தப்பாவின் பாசமே போதுமாக இருந்திருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒதுக்கினதையெல்லாம் எங்கே போடுகிறீர்கள் என்று கேட்டாள்.

“மூட்டையிலதான். கம்பெனி பொருளாச்சே, வீணாக்கலாமா?”

அதற்கு மேல் அவள் அங்கே நின்று பேசவில்லை. மழைநீர் கசிந்த பின்சுவர் ஓரமாகப் போய் மூட்டைகளுக்குள் கையை விட்டாள். உள்ளே மால்ட் கட்டிதட்டி, ஈரத் துணியைப் போல வாடை அடித்தது. பல மூட்டைகளில் மேலும் நடுவிலும் அடியிலுமாக அள்ளி, ஒன்றாக அரைத்துச் சோதித்தாள். முடிவைக் கொண்டுபோய் மாஸ்டரின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் சிரிக்கவில்லை. லாரிகளை நிறுத்தச் சொன்னார்.

ஆனால் கடைகளுக்கு ஏற்கெனவே போய்விட்டதை ஏன் கிளற வேண்டும் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அத்தனையிலும் அவள் கையெழுத்துதான் இருக்கிறது, கொஞ்சம் யோசிக்கட்டும் என்றார். கிடங்குப் பொறுப்பாளர் அவளுக்கு யார் என்பதையும் நினைவூட்டினார்.

“அந்தக் கையெழுத்தை நம்பித்தான் சார் குடிக்கிறாங்க. எல்லாத்தையும் திருப்பி எடுங்க. நீங்க சொல்லலைன்னா அதிகாரிங்ககிட்ட நானே சொல்லிடுவேன்.”

மாஸ்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனை எடுத்தார். அவர் பேசி முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்று கேட்டாள்.

பிறகு திரும்பவும் கிடங்குக்கு நடந்தாள். சித்தப்பாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டே போனாள். அவர் அதே ஸ்டூலில்தான் இருந்தார். விஷயம் அதற்குள் அவர் காதுக்கு வந்திருந்தது. தட்டு மடியிலேயே கிடந்தது, கைகள் மட்டும் சும்மா இருந்தன.

போன மாதம் டாக்டர் ஈரல் வீங்கியிருப்பதாகச் சொன்னார், வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை என்றார்.

“அது இதனாலதானாம்மா?”

கொண்டுவந்த கோபத்தை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தாள்.

“தெரியல சித்தப்பா. இருக்கலாம். வெறும் குடியாலயும் இருக்கலாம். என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது.”

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் வருத்தம்கூட இல்லை, வெறும் ஆச்சரியம்தான் இருந்தது.

“உனக்குத் தெரியும்னுதானேம்மா குடிச்சேன்” என்றார்.