பெட்டி மூடியில் தொங்கிய பட்டியல்

எங்கள் படகு தண்ணீரில் போன தூரத்தைவிட ரோட்டில் போன தூரம்தான் அதிகம். அதனால் படகுக்கு வேண்டியதைவிட, அதைச் சுமக்கும் டிரெய்லருக்கு வேண்டியதைத்தான் அதிகம் சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாம் ஒரு பச்சை இரும்புப் பெட்டியில் இருக்கும். என் மனைவி அந்தப் பெட்டிக்கு வைத்திருக்கும் பெயர் மூத்தவள். எங்கே கிளம்பினாலும், "உங்க மூத்தவ ஏறி உக்காந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்துவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் கேட்டாள். ஆனால் குரலில் வழக்கமான கிண்டல் பாதிதான் இருந்தது. ஏரியில் படகுகளைப் பரிசோதிக்கும் அதிகாரி மாதத்துக்கு ஒரு நாள்தான் வருவார். நான்கு மணிக்குக் கிளம்பிவிடுவார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அவள் அந்தப் படகில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டலாம். சனிக்கிழமைக்கு முதல் சவாரி, எட்டுப் பேர், பேசி முடித்தாகிவிட்டது. அதை நம்பிப் பல் மருத்துவரிடம் பார்த்துக்கொண்டிருந்த வரவேற்பாளர் வேலையையும் போன வாரம் விட்டிருந்தாள்.

வண்டி அவள் தம்பியுடையது, ஓட்டியதும் அவன்தான். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தச் சொல்லி, டிரெய்லர் சக்கரங்களின் நடுப்பகுதியைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். அதை ஹப் என்பார்கள். சக்கரம் அச்சில் உரசாமல் சுற்றுவதற்கான இரண்டு பேரிங்குகள் அதற்குள் கிரீஸில் ஊறிக்கொண்டு இருக்கும். இளஞ்சூடாக இருந்தால் சரி. கையை வைக்க முடியாவிட்டால் உள்ளே ஏதோ தேய்கிறது. மச்சினன் இதைக் காய்ச்சல் பார்ப்பது என்பான். அன்று நான் நிறுத்தச் சொன்னபோது, காய்ச்சலை ஏரியில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அக்காவும் தம்பியும் சேர்ந்தே சொல்லிவிட்டார்கள்.

ஒன்றரை மணிக்கு, ஒரு மரச்சாமான் கிடங்கின் எதிரே, இடது சக்கரம் அரைபடும் சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால் ஹப்பிலிருந்து புகை. போன மாதம் மச்சினன் நெடுந்தூரம் ஓட்டிவந்த சூட்டோடு டிரெய்லரைத் தண்ணீரில் இறக்கிய வினை இது. சூடான ஹப் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்த இடத்தை நிரப்பத் தண்ணீர், சீல் என்கிற ரப்பர் வளையத்தைத் தாண்டி உள்ளே வரும். கிரீஸ் கெட்டுப்போகும், பேரிங் துருப்பிடிக்கும். இதை ரோட்டோரத்தில் நின்று மறுபடி விளக்கினேன். மச்சினன் ஜாக்கியை எடுக்கப் போய்விட்டான்.

என் முகத்தில் கவலை இல்லை என்பதை மனைவி கவனித்துவிட்டாள். "நாலு வருஷமா இந்த நாளுக்குத்தானே காத்துக்கிட்டு இருந்தீங்க?"

பொய் சொல்வானேன், உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான். வழியில் பேரிங்கை மட்டும் தட்டிக் கழற்றி மாற்றுவது சிரமம். அதனால் பேரிங், சீல், கிரீஸ் எல்லாம் வீட்டிலேயே பொருத்தி முடித்த முழு ஹப் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்தேன். கார் ஸ்பேனர் டிரெய்லர் நட்டுக்குச் சேராது. அதற்கென்று தனி ஸ்பேனரும் இருந்தது. பழையதை உருவிப் புதியதை மாட்டி, அச்சு நுனியில் பெரிய நட்டை இறுக்கும்வரை எல்லாம் அரை மணி நேரத்தில் நடந்தது.

மிச்சம் ஒரே ஒரு பின். ஒரு கம்பியை இரண்டாக மடித்ததுபோல் இருக்கும். விரல் நீளம்கூட வராது. நட்டைத் தாண்டி அச்சில் உள்ள துளைக்குள் அதைச் செருகிக் கால்களை விரித்துவிட்டால் நட்டு கழன்று வராது. பழைய பின் நிமிர்த்தும்போதே ஒடிந்துவிட்டது. கவலையில்லை. பெட்டி மூடியின் உள்பக்கம் தொங்கும் அட்டையில் எல்லாச் சாமான்களின் பட்டியலும் உண்டு. 'பின் – 2' என்று தெளிவாக எழுதியிருந்தது.

பெட்டியில் பின் இல்லை.

எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டினோம். கிரீஸ் டப்பாவுக்குள்கூடக் கையை விட்டேன். மெதுவாக ஓட்டினால் போதாதா என்றான் மச்சினன். நட்டு கழன்றால் நமக்கு முன்னால் சக்கரம் ஏரிக்குப் போய்ச் சேரும் என்றேன். கட்டுக் கம்பியைச் செருகலாமா என்றான். அது மெல்லிசு, அறுந்துவிடும் என்றேன். மணி இரண்டரை. கிண்டல் செய்யாமல் மனைவி உட்கார்ந்திருந்ததுதான் என்னைக் கலக்கியது.

பிறகு எழுந்து வந்து, பட்டியலைத் தானே ஒருமுறை படிக்க அட்டையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. குனிந்து மேலே பார்த்தாள்.

"ஏங்க, இந்த அட்டையை எதுல மாட்டினீங்க?"

மூடியில் இரண்டு துளை, இரண்டு துளையிலும் பின். போன வருஷம் மாட்டும்போது, துளைக்கு அளவெடுத்ததுபோல் பொருந்துகிறதே என்று பூரித்துப்போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மச்சினன் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்கியது.

பின்களின் கால்கள் லேசாகத்தான் விரிந்திருந்தன, உருவ முடிந்தது. அவற்றை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "மூத்தவ மூக்குத்தியைக் கழட்டிக் குடுத்திருக்கா. வாங்கிக்கங்க."

ஏரிக்கரையை அடைந்தபோது மூன்று இருபத்தைந்து. மச்சினன் சரிவுப் பாதையில் டிரெய்லரை நேராகப் பின்னால் இறக்கத் தொடங்கினான். ஹப் சூடாக இருக்கும், அரை மணி நேரம் ஆறவேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். சனிக்கிழமையையும் எட்டுப் பேரையும் நினைத்து மூடிக்கொண்டேன். ஒரு ஹப் கெட்டால் இன்னொன்று வாங்கலாம்.

அதற்குள் அவள் இறங்கிவிட்டாள். குனிந்து இரண்டு சக்கரத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "டேய், நிறுத்து" என்றாள் தம்பியிடம். பிறகு அதிகாரியிடம் போனாள். அவரோ, படகு தண்ணீரில் இருந்தால்தான் பரிசோதனை, தான் நான்கு மணிக்குப் போகவேண்டும் என்றார்.

"சூடான ஹப்புக்குத் தாகம் எடுக்கும் சார். இப்ப தண்ணியில விட்டா குடிச்சிரும், அப்புறம் உள்ள துரு. மிதவைச் சட்டை, தீயணைப்பான் எல்லாம் கரையிலயே பாத்துருங்க. அதுக்குள்ள ஆறிடும்."

நான்கு வருஷமாகக் காற்று சுருங்குவதை வைத்து நான் சொல்லிவந்ததை அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் புரிந்துகொண்டார். தாகம் என்பது சரியில்லைதான். நான் திருத்தவில்லை. அவர் எட்டுச் சட்டைகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். நான்குக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, யாரும் கேட்காமலே, ஹப்பில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இறக்கலாம்" என்றார். நான்கே காலுக்குக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை காலை நான் தேடுவதற்கு முன்பே பெட்டி வண்டியில் ஏறியிருந்தது. அட்டை நூலில் தொங்கியது. 'பின் – 2' என்ற வரியை அடித்துவிட்டு, அதன் கீழே அவள் கையெழுத்தில் 'மூக்குத்தி – 6, டப்பாவில்' என்று இருந்தது.