நுளம்பு மாத்தயாவின் கார்

என் பழைய மொறிஸ் மைனர் ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை கக்கும். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைப் பெண்கள் காயப்போட்ட உடுப்புகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். காலி வீதிச் சோதனைச் சாவடியில் நின்ற ஆமிக்காரன் ஒருவன் எனக்கு ‘மதுரு மாத்தயா’ என்றே பெயர் வைத்துவிட்டான். நுளம்புக்குப் புகை அடிக்கிற ஐயாவாம். மூக்கைப் பொத்திக்கொண்டு “யன்ட, யன்ட” என்று போகச் சொல்லிக் கை காட்டுவான். தொண்ணூற்றேழில் கொழும்பில் ஒரு தமிழனைச் சோதிக்காமல் விட்டார்கள் என்றால் அது என்னைத்தான். எனக்கோ மானம் போனது.

அந்த நேரம் மனைவி அருந்ததியின் தம்பி சவுந்தரநாயகம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு இருந்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்குகிறவன் என்பதால் அவனைப் பொலிஸில் பதிய வேண்டும். எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். கொட்டாஞ்சேனை இரத்தினம்மா மாமி தன் வீட்டில் பதிவதாகச் சொன்னார். அவனை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பதிவில்லாமல் வழியில் பிடிபட்டால் உள்ளேதான்.

“இந்தப் புகையோட போனா எல்லாற்ற கண்ணும் எங்களிலதான்,” என்றேன்.

“புகையோடயே போங்கோ. அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு விடுறான்தானே,” என்றாள் அருந்ததி.

பெண்புத்தி பின்புத்தி என்று சிரித்துவிட்டு, மருதானைக்குப் போய் வால்வு சீல்கள் வாங்கி வந்தேன். வால்வுத் தண்டில் இருக்கும் அந்தச் சின்ன ரப்பர் இறுகிப்போனால் ஒயில் உள்ளே கசிந்து எரியும், புகை அதனால்தான்.

ஞாயிறு காலை முற்றத்தில் எஞ்சினைத் திறந்தோம். ஸ்பிரிங்கைக் கழற்றினால் வால்வு சிலிண்டருக்குள் விழுந்துவிடும். அதற்காகப் பிளக் துளையால் நைலோன் கயிற்றை உள்ளே திணித்து, பிஸ்டனை உயர்த்தி முட்டுக் கொடுக்க வேண்டும். கயிறு திணித்தது நாயகம்தான்.

“அத்தான், கொழுக்கட்டைக்கு உள்ளுடன் வைக்கிற மாதிரிக் கிடக்கு,” என்று சிரித்தான். வந்த நாளிலிருந்து அவன் சிரித்தது அன்றுதான். பழைய சீல்கள் நகம் போல இறுகியிருந்தன. பின்னேரம் ஸ்டார்ட் பண்ணினோம். மருந்துக்கும் புகை இல்லை. பெரிய கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை அவனைப் பின்சீட்டில் இருத்திப் புறப்பட்டேன். சாவடியில் அதே ஆமிக்காரன். பழக்கத்தில் போ என்று கையைக் காட்டினான். போயிருக்கலாம்.

நான் பிரேக்கை மிதித்தேன். கண்ணாடியை இறக்கி, “இப்ப புகை எங்கே, பார்!” என்று சிங்களத்தில் கேட்டேன்.

அவன் சிரித்துக்கொண்டே வந்தான். பின்னால் போய்க் குழாயைக் குனிந்து பார்த்தான். “ஹரி ஷோக், மாத்தயா!” என்று மெச்சியபடி நிமிர்ந்தவன் பின்சீட்டில் இருந்தவனைக் கண்டான்.

“மே கவுத?”

யார் இது என்று அவன் கேட்ட சத்தத்துக்கு அவனுடைய மேலாளும் வந்துவிட்டான். அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி. பதிவுத் துண்டு இல்லை. நான் எவ்வளவோ கெஞ்சினேன். இறங்கும்போது நாயகம் என் காதடியில் குனிந்தான்.

“அத்தான், நீங்களா நிப்பாட்டினதெண்டு அக்காட்ட சொல்லிப்போடாதேங்கோ.”

ஒன்றரை வருடமாக அவன் விளக்கமறியல் சிறையில் இருக்கிறான். பார்க்கப் போகும்போதெல்லாம் எங்கள் சுகம்தான் விசாரிக்கிறான். திரும்பி வரும் வழியில் அந்தச் சாவடியைக் கடக்கும்போது அருந்ததி என் தோளைத் தொடுவாள்.

“நீங்கள் என்ன செய்வியள்? ஆமிக்காரன் மறிச்சால் நிக்கத்தானே வேணும்.”

“ஓம்,” என்கிறேன்.