கலர் பாப்பா

அப்பாவின் வலது கையைச் சட்டைக்குள் நுழைக்க முடியவில்லை. முழங்கை விறைத்துப்போயிருந்தது. தையலைப் பிரித்துவிடு, வேறு வழியில்லை என்றார் மாமா. மகள் கத்தரிக்கோலை எடுத்தாள். காலையில் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்த மனிதர். காபி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முப்பது வருடம் ஒரு குளிர்பானக் கம்பெனியின் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டவர் அவர். வேலைக்குச் சேர்ந்தபோது கலர் என்பது விருந்தாளி வந்தால் மட்டும் வாங்குவது. அதைக் கல்லூரிப் பையன்கள் பைக்கில் சாய்ந்தபடி குடிப்பதாக, பிறகு குடும்பமே சேர்ந்து குடிப்பதாக மாற்றியது அவர்தான். அப்புறம் அந்தக் கோடை வந்தது. தொழிற்சாலைத் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டது, குழந்தைகள் வாந்திபேதியில் விழுகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார்கள். அப்பா தன் ஏழு வயது மகளைக் கேமரா முன் நிறுத்தினார். அவள் ஒரு பாட்டிலை முழுதாகக் குடித்தாள். பக்கத்தில் நின்று அவரே பேசினார்: "குழாயெல்லாம் மாத்திட்டோம். என் பொண்ணு குடிக்கிறா. உங்க பொண்ணுக்கும் தைரியமா குடுங்க."

கம்பெனி பிழைத்தது. நாற்பது தாண்டியும் அவளுக்குக் 'கலர் பாப்பா' என்ற பெயர் போகவில்லை. அவளும் போகட்டும் என்று நினைத்ததில்லை. பெற்ற பிள்ளையையே முன்னால் நிறுத்திய மனுஷன் என்று யாராவது அப்பாவைச் சொன்னால் உள்ளுக்குள் குளிரும்.

மூன்று மணிக்குக் கம்பெனியின் பழைய ஆய்வகக்காரர் கைத்தடி ஊன்றி வந்தார். வெகுநேரம் அப்பாவின் முகத்தையே பார்த்து நின்றார். பிறகு அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். அப்பா இருக்கும்வரை வாய் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாராம்.

"அன்னைக்கு நீ குடிச்சது நம்ம கம்பெனி கலர் இல்லம்மா. உங்க வீட்டுல காய்ச்சி ஆறவெச்ச தண்ணி. உங்கப்பாதான் கொண்டுவந்தாரு. சர்க்கரையும் சாயமும் நான் கலந்தேன்."

"குழாய்தான் மாத்தியாச்சே. அப்புறம் எதுக்கு?"

"அது மூணு வாரம் கழிச்சு மாத்துனது."

"அந்த மூணு வாரம்?"

அவர் தடியின் பிடியைக் கட்டைவிரலால் தேய்த்தார். "வித்துச்சும்மா. அதுக்கு முன்னாடி அப்படி வித்ததே இல்ல."

அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி வந்துவிட்டது என்று வெளியே மாமா சொன்னது வேறு யார் வீட்டிலோ பேசுவதுபோல் கேட்டது.

கூடத்தில் ஒருத்தி அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் பக்கத்து வீடு; இவளோடு ஒரே வகுப்பு. இவளைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ விளம்பரத்துல வந்தப்ப நம்ம தெருவே கலர் குடிச்சுது. அடுத்த வாரம் நான் ஆஸ்பத்திரில கெடந்தேனே, ஞாபகம் இருக்கா? பன்னெண்டு நாள். எங்கப்பாவே ரெண்டு தடவைதான் வந்தாரு. உங்கப்பா தெனமும் வந்தாருடி. ஒண்ணும் பேசமாட்டாரு. சும்மா உக்காந்திருப்பாரு."

இவள் தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

ஆட்கள் தூக்குவதற்குக் குனிந்தபோது போர்வை விலகி அப்பாவின் பாதங்கள் தெரிந்தன. அந்தப் பெண் அவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு மண்டியிட்டு, போர்வையை இழுத்து, இரண்டு பக்கமும் நன்றாகச் செருகிவிட்டாள். மகள் ஓரமாக நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.