பேர் வைக்காத பிள்ளை

1957 மார்கழியில் என் பெண் குழந்தை பிறந்த இருபத்திரண்டாம் நாள் இறந்தாள். இரண்டு நாள் காய்ச்சல்தான். எங்கள் ஊர் கவுஞ்சியில் முப்பது நாள் கழிந்துதான் பேர் வைப்போம். என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் அவளைப் பழைய சேலையில் சுற்றிப் பூண்டு வயலுக்கு மேற்கே கொண்டுபோனார்கள். உலை கொதிப்பதற்குள் மண்வெட்டியோடு திரும்பிவிட்டார்கள்.

"கொட்டடிக்க ஒரு ஆளாவது கூப்பிட்டிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"பேரில்லாததுக்கு யாரைச் சொல்லிக் கொட்டடிக்கிறது?" என்றார் வீட்டுக்காரர். கோபமாகச் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா வந்து என் வாயைப் பொத்தினாள். "அழுதா அடுத்தது தங்காது தாயி." வேறு யாரும் வரவில்லை. ஊருக்குத் தீட்டும் இல்லை. முந்தின வருஷம் மேலத்தெரு வடிவின் பிள்ளை பதினோராம் நாள் போனபோது நானும் எட்டிப் பார்க்கவில்லை.

ஐந்து நாள் கழித்துக் கோயில் காளை செத்தது. அதற்குப் பேர் இருந்தது, மலையாண்டி. மஞ்சள் பூசி, புது வேட்டி போர்த்தி மந்தையில் கிடத்தினார்கள். அன்று ஒருவரும் வயலுக்குப் போகவில்லை. பாச்சலூரிலிருந்துகூட மாலை வந்தது. ஆண்கள் மொட்டையடிக்க வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏலே, என் மாமனாரு செத்தப்பக்கூட இம்புட்டுக் கூட்டம் இல்லலே," என்றார் பெரியவர் திருமலைச்சாமி.

"அவரு முட்டுனதுல பாதிகூட இது முட்டலைங்களே," என்றான் சவரம் செய்தவன். வரிசையே சிரித்தது.

நான் காளையின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தேன். "பாலு கட்டிக் கெடக்கே, பச்ச மண்ணே, யாருக்கு நான் ஊட்டுவேன்" என்று வந்தது. சுற்றியிருந்த பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

ராக்காயி அக்கா குனிந்தாள். "சாமி கெடக்கு. இங்க வச்சு அதை இழுக்காத. வெரசா மாத்திப் பாடு."

மாற்றினேன். கொம்பைப் பாடினேன், திமிலைப் பாடினேன். உடனே நாலைந்து பேர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நனைந்துபோன என் ரவிக்கையை அக்கா தன் முந்தானையால் மூடினாள். "இவளுக்குத்தான் சாமி மேல உசுரு," என்று ஊரே பேசியது.

மறுவருஷம் கர்ப்பமாகி, கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்சம்மா சீட்டு எழுதிக்கொண்டே, "இது எத்தனாவதும்மா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மொதப் பிள்ளைங்க," என்றேன்.