பியூனைக் கொத்த ஆளில்லை

கோழிகளுக்குள் யார் பெரியவர் என்பதில் குழப்பமே கிடையாது. மூன்று கோழிகளை ஒரே கூண்டில் விட்டால், சில நாட்களில் கொத்திக் கொத்தியே பதவிகளை முடிவு செய்துகொள்ளும். அதன்பிறகு பெரிய சண்டை வராது. முதலாமவள் சாப்பிடும்போது இரண்டாமவள் ஓரமாக நிற்பாள். இரண்டாமவள் சாப்பிடும்போது மூன்றாமவள் இன்னும் ஓரமாக நிற்பாள். அவசரப்பட்டால் கழுத்தில் ஒரு கொத்து விழும். எழுதி வைத்த விதி எதுவும் இல்லாமல் இவ்வளவு ஒழுங்காக நடக்கும் அலுவலகத்தை நான் பார்த்ததில்லை. நான் லிஃப்ட் மெக்கானிக். ஏறி இறங்காத அலுவலகம் குறைவு.

அதனால்தான் எங்கள் கோழிகளுக்கு மேனேஜர், ஹெட் கிளார்க், பியூன் என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்ததோடு என் வேலை முடிந்தது. வளர்த்ததெல்லாம் என் மனைவி. முன்னறையில் தையல் மெஷின் போட்டு, பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று ஆல்டரேஷன் வேலை செய்கிறாள். மெஷின் சத்தம் நின்றால் மூன்று கோழிகளும் சமையலறையின் பின்கதவுக்கு வந்துவிடும். அடுத்து அவள் எழுந்து வருவாள், வந்தால் கையில் ஏதாவது இருக்கும் என்று அவற்றுக்குத் தெரியும்.

கோழிக்கு வயதானால் முதலில் முட்டை நிற்கும். எங்கள் மேனேஜருக்கு ஐந்து வயதில் நின்றது. எட்டாவது வயதில் காலில் சேவலைப் போல முள் வளர்ந்து, ஒரு காலை திடீரென்று கூவவும் ஆரம்பித்தாள். சில பெட்டைகளுக்கு முட்டைப்பை வேலை நிறுத்தம் செய்ததும் உடம்பு இப்படி மனம் மாறுவது உண்டு. இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே என் மனைவி, "ரிட்டயர் ஆனதும் சத்தம் போடுறது ஆம்பளைங்க மட்டும்தான்னு நெனச்சேன்" என்றாள்.

ஒன்பதாவது வயதில், வெயில் விழும் மூலையில் மண்குளியல் போட்டுக்கொண்டிருந்தபோதே மேனேஜர் போய்விட்டாள். பதினோராம் நாள் ஹெட் கிளார்க். இருவரையும் சுவரோரச் செடிகளுக்கு அடியில் புதைத்தோம்.

என் மனைவி அழவில்லை. வயசாச்சு, வேறென்ன என்று மண்ணைத் தட்டிவிட்டுப் போய் மெஷினில் உட்கார்ந்தாள். அந்த வாரம் ஒருவர் பேன்டில் இரண்டு அங்குலம் குறைக்கச் சொன்னார். அவள் நான்கு அங்குலம் வெட்டினாள். அவர் கண்ணாடிக்கு முன்னால் கணுக்கால் தெரிய நின்று, இப்போது இதுதான் ஃபேஷனா என்று பணிவாகக் கேட்டார். இருபது வருடத்தில் அவள் அளவு தப்பியது அதுதான் முதல் தடவை.

பிறகு பியூன் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

கோழி சாப்பிட்டதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. கழுத்துக்குக் கீழே, மார்பின் வலப்பக்கம் ஒரு தீனிப்பை இருக்கும். பகலில் தின்றதெல்லாம் முதலில் அங்கேதான் போய்ச் சேரும். கூட்டில் அடையும் நேரத்தில் தொட்டுப் பார்த்தால் தானியம் அடைத்த பந்து போல இருக்க வேண்டும். பியூனுடையது காலி சாக்ஸ் போலத் தொங்கியது. ஆள் இல்லாதபோது தரையில் கிடக்கும் நாலு மணியைப் பொறுக்குவாளே தவிர, தட்டுப் பக்கம் போகவில்லை. சமையலறைத் தராசில் நிறுத்தோம். இரண்டு கிலோ இருநூறு இருந்தவள் ஒன்று எழுநூறுக்கு இறங்கியிருந்தாள்.

என் மனைவியின் தம்பி கால்நடை மருத்துவமனையில் கம்பவுண்டர். ஒன்பது வருடமாக வரும்போதெல்லாம் குழம்புக்கு எப்போது அழைப்பு என்று கேட்டு அக்காவிடம் திட்டு வாங்குகிறவன். அன்று அப்படி எதுவும் கேட்கவில்லை. வாயைத் திறந்து பார்த்தான், இறக்கையை விரித்துப் பார்த்தான், வயிற்றை அழுத்திப் பார்த்தான்.

"உடம்புல ஒண்ணும் இல்லக்கா. ஆனா இப்படியே போனா ஒரு வாரம் தாங்குறதே கஷ்டம்."

அவள் திரும்பினாள். என்னிடம் சொன்னாள். "இவளும் போயிட்டா அந்தப் பின்கதவுல பூட்டு போட்டுடுங்க. நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்."

சாதாரணக் குரலில்தான் சொன்னாள். ஆனால் அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து அவள் பியூனுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் சோளக் குருணையை வைத்துக்கொண்டு கெஞ்சினாள். கண்ணு, ராசாத்தி, ஒரு வாய் என்று எனக்கு எந்தக் காலத்திலும் கிடைக்காத பட்டங்களெல்லாம் கோழிக்குக் கிடைத்தன. பியூன் தலையைத் தாழ்த்தி, இரண்டடி பின்னால் போய் நின்றாள். இவள் கையை நீட்ட, அவள் இன்னும் இரண்டடி.

தனிமைதான் நோய் என்று நான் முடிவு செய்தேன். லிஃப்ட் உள்ளே எதற்குக் கண்ணாடி வைக்கிறார்கள்? தனியாகப் போகிறவருக்குத் துணை இருப்பது போலத் தோன்றவும்தான். எனவே ஒரு கண்ணாடியைத் தட்டுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். பியூன் வந்தாள். கண்ணாடிக்குள் ஒரு புதுக் கோழியைப் பார்த்தாள். மரியாதையாகத் தலையைத் தாழ்த்தினாள். அதுவும் தாழ்த்தியது. ஒதுங்கி நின்று, நீங்கள் முதலில் என்பது போலக் காத்திருந்தாள். அதுவும் காத்திருந்தது. முக்கால் மணி நேரம் இரண்டும் அசையவில்லை.

"நல்லா இருக்கு. ஒரு பட்டினி பத்தாதுன்னு ரெண்டு பட்டினி ஆக்கிட்டீங்க" என்றாள் என் மனைவி.

ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. லிஃப்டின் ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு சின்ன கான்டாக்ட் உண்டு. கதவு முழுதாக மூடினால்தான் அதன் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடும். எல்லா மாடியிலும் தொட்டால்தான் மோட்டாருக்கு உத்தரவு போகும். எங்கோ ஒரு மாடியில் கதவு நூலளவு திறந்திருந்தால் போதும். மோட்டார் புதிதாக இருக்கலாம், கம்பி உறுதியாக இருக்கலாம், லிஃப்ட் நகராது. பழுது என்று என்னைக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பழுதே இருக்காது. அது உத்தரவுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

பியூனுக்கும் அதேதான். ஒன்பது வருடமாக அவளுடைய சாப்பாடு ஒரே வரிசையில்தான் வந்திருக்கிறது. மேனேஜர் சாப்பிடுவாள், ஹெட் கிளார்க் சாப்பிடுவாள், நடுவில் எட்டிப் பார்த்ததற்கு ஒரு கொத்து கிடைக்கும், அப்புறம்தான் இவள் முறை. இப்போது சாப்பிட ஆளில்லை, கொத்த ஆளில்லை, முறை எப்படி வரும்? போதாக்குறைக்கு, வீட்டு எஜமானியே எதிரில் உட்கார்ந்து கெஞ்சினால் பியூன் பயப்படாமல் என்ன செய்வாள்? எந்த அலுவலகத்திலாவது நடக்கிற காரியமா அது?

இதை நான் பொறுமையாக, ஒரு தாளில் படம் போட்டு விளக்கினேன். யாராவது மேனேஜராக இருந்து முதலில் சாப்பிட்டு, பியூனை ஒரு கொத்து கொத்தி விரட்ட வேண்டும். நானே முதலில் முயன்றேன். பியூன் என்னைப் பார்த்து ஓடிப்போய் வாளிக்குப் பின்னால் ஒளிந்தாள். மேனேஜர் எப்படி நடப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவள் ஒருத்திதான்.

அவள் மறுத்துவிட்டாள்.

"துக்கத்துல இருக்குற ஜீவனைப் போய் அடிக்கச் சொல்றீங்களா?"

"அடிக்கச் சொல்லல. கொத்தச் சொல்றேன்."

"அவளே போயிட்டா. அவள மாதிரி நான் நடிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். நான் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் மனைவி தட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். நடை அவளுடையதல்ல. ஒரு தோளை முன்னால் தள்ளி, இரண்டு எட்டுக்கு ஒருமுறை நின்று, தலையை மட்டும் வெட்டித் திருப்பி யாரையோ முறைக்கும் நடை. சாட்சாத் மேனேஜர். தொண்டையிலிருந்து அந்தப் பழைய அதிகாரச் சத்தம் கூட வந்தது. தட்டுக்கு முன்னால் மண்டியிட்டாள். ஊசி குத்தாமலிருக்க விரல்நுனியில் மாட்டுகிற உலோகக் கவசத்தை மாட்டியிருந்தாள். அதை வைத்து எவர்சில்வர் தட்டை டக், டக், டக் என்று கொத்தினாள். குருணை சிதறியது.

பியூன் தலையைத் தூக்கினாள்.

என் மனைவி அவளைக் கவனிக்கவே இல்லை. கொத்திக்கொண்டே இருந்தாள். பியூன் ஓரடி வந்தாள், பிறகு இன்னொரு அடி. தட்டுக்குள் மூக்கை நீட்டிய அந்த நொடியில் என் மனைவி அவள் கழுத்தில் ஒன்று வைத்தாள். மெதுவாகத்தான். பியூன் கத்திக்கொண்டு ஓடினாள். அந்தக் கத்தலில் எனக்கு வருத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆஃபீஸ் திறந்துவிட்டார்கள் என்பது போலத்தான் இருந்தது. என் மனைவி எழுந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, பதவிக்குரிய மிடுக்கோடு விலகிப் போனாள். பியூன் ஓடிவந்து தட்டில் விழுந்தாள்.

சொட்டு மருந்தோடு அப்போதுதான் வந்த மச்சான் என் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தான். "மாமா, இது எத்தனை நாளா இருக்கு?" என்று தன் அக்காவைக் காட்டி ரகசியமாகக் கேட்டான்.

மூன்று வாரம் இது தினசரி வேலையாயிற்று. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை மேனேஜர் டூட்டிக்குப் போய்வந்தாள். துணி கொடுக்க வந்தவர்களை, உள்ளே ஒரு வேலை இருக்கிறது, ஐந்து நிமிடம் என்று நான் உட்காரவைத்தேன். என்ன வேலை என்று சொல்லவில்லை. பியூன் முதலில் ஒன்று எண்ணூறு, பிறகு இரண்டு கிலோவுக்கு ஏறினாள். தீனிப்பை அந்தி நேரத்தில் மறுபடி பந்தாக இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை காலை என் மனைவி வழக்கத்தைவிடச் சீக்கிரம் உள்ளே வந்தாள். புறங்கையை நீட்டிக் காட்டினாள். விரல் கணுவுக்கு மேலே தோல் கிழிந்து, ஒரு சொட்டு ரத்தம்.

"கொத்திட்டா. நான் தட்டுல கை வைக்கிறேன், பின்னால வந்து நின்னவ ஒரே கொத்து. என்னைத் தள்ளிட்டு அவளே முதல்ல திங்கிறா."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இதுதான் பதவி உயர்வு, மேலே இருப்பவரை எதிர்த்துக் கொத்துகிற நாளில்தான் ஒரு கோழி தன் வரிசையில் ஏறுகிறது என்று ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள்.

"அப்போ மேனேஜர் இனிமே வர வேண்டாம், இல்ல?"

வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, கொத்துப்பட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, சத்தமாக அழுதாள். ஒன்பது வருடத்துக்கும் சேர்த்து அழுதாள். நடுவில் ஒருமுறை, எவ்வளவு திமிர் பாருங்க அவளுக்கு என்று சிரிக்கவும் செய்தாள். நான் பஞ்சை நனைத்துக் கையைத் துடைத்துக் கட்டுப்போட்டேன். பின்கதவு திறந்துதான் இருந்தது. வெளியே தட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு, யாருக்காகவும் காத்திராமல், எந்த அவசரமும் இல்லாமல் பியூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.