நரை காணா அரசி

இரவெல்லாம் பெய்த பனி ஓய்ந்து, மாசித் திங்களின் மென்வெயில் எழுந்த ஒரு சனிக்கிழமை முற்பகலிலே, தொரன்ரோ மாநகரின் கிழக்கெல்லையாகிய மோர்னிங்சைட்டில், அடுக்குமாடிச் சாளரங்கள் ஒளியை வாங்கி வெண்ணிலத்தின்மேல் வாரியிறைக்க, ஆடவர் ஊர்திகளின் முதுகிற் படிந்த பனியை வழித்துத் தள்ள, கடைவாயிலிற் பெண்டிர் கறிவேப்பிலைக் கட்டுக்காகக் குளிரையும் மதியாது காத்துநிற்க, நகரம் விடுமுறை நாளின் அமைதியில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. கற்றறிந்த வாசகரே, குளிரைப் பாடி உம்மை நடுங்கவைப்பது என் நோக்கமன்று. அதோ, பொதுமண்டபத்தின் கீழ்த்தளத்தில் வளர்ந்தோர்க்கான ஆங்கில வகுப்பு நடக்கிறது, உள்ளே போவோம்.

ஆசிரியை எலேனி கிரேக்க நாட்டிற் பிறந்து, இளமையில் இந்நகர் வந்து, இங்கேயே தலைநரைத்தவர். தம் முன்னோரின் பெருங்காப்பியக் கதையொன்றை எளிய ஆங்கிலத்தில் எழுதிவந்து அன்று வாசித்துக்காட்டினார். போருக்குப் போன தீவரசன் இருபதாண்டு மீளாதிருக்க, அவன் மனைவி தன்னை மணக்க வந்து முற்றுகையிட்டோரிடம் நெய்து முடித்தபின் விடைதருவேன் என்று சொல்லி, பகலில் நெய்ததை இரவிற் பிரித்துப் பிரித்து நாள் கடத்தினாள். ஈற்றில் அரசனும் வந்துசேர்ந்தான். இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேலாகியும் மேலைநாட்டார் அவளை விட்டபாடில்லை என்று நகைத்தபடி, வெவ்வேறு காலத்து ஓவியர் தீட்டிய அவ்வரசியின் படங்கள் ஆறினைச் சுவரில் ஒட்டினார். ஆறிலும் அவள் தறியருகே கன்னத்திற் கைவைத்து அமர்ந்திருந்தாள்.

வகுப்பிலிருந்தோர் கண்கள் படத்தை விட்டுப் புனிதவதியின்பாற் சென்றன. அருகிருந்த ரதியோ, எங்கள் புனிதக்காவும் இவ்வரசியைப் போன்றவள்தான் என்று ஆசிரியையிடம் பெருமையோடு சொல்லியும்விட்டாள். புனிதவதியின் கணவன் தியாகலிங்கம் ஆறாண்டின் முன் இலங்கைப் போரிடையே பேருந்தினின்று இறக்கிக் கொண்டுபோகப்பட்டவன். இருக்கிறான் என்ற சொல்லும் வரவில்லை, இறந்தான் என்ற சொல்லும் வரவில்லை. அன்றுதொட்டு ஊரார் அவளுக்குப் பத்தினிப் பட்டஞ் சூட்டி, கோயிலிலும் கொண்டாட்டங்களிலும் வாயாரப் புகழ்ந்துவந்தனர். புகழ்வதற்குச் செலவா என்ன?

அவர்கள் அறியாதது ஒன்றிருந்தது. அவளோடு ரொட்டி சுடும் வெதுப்பகத்தில் வேலைசெய்யும் கனகசிங்கம், மனைவியை இழந்த மட்டக்களப்பார், ஓராண்டாக அவளை மணங்கேட்டுப் பொறுமையோடு இருந்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, அவளுக்கும் அவரைப் பிடித்திருந்தது. ஆயின் மணம் நிகழவேண்டுமெனில், கணவன் இறந்தான் என்று திங்கட்கிழமை வழக்கறிஞர் முன் அவள் கையெழுத்திடவேண்டும். அதை எண்ணி மூன்றிரவாய் அவள் உறங்கவில்லை.

கதையைப்பற்றி என்ன நினைக்கிறாய் என்று ஆசிரியை வினவ, அவள் எழுந்து படங்களை ஒவ்வொன்றாய் உற்றுநோக்கினாள்.

“இருபது வருசம் இருந்தவவுக்கு ஒரு நரையும் விழேல்லையோ?”

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“அவர் திரும்பி வந்தபடியாத்தான் பாட்டு. வராமல் விட்டிருந்தா அவவை ஆர் பாடியிருப்பினம்?”

ரதி தயங்கித் தயங்கி அதனை ஆங்கிலமாக்கினாள். எலேனி தாழ்ந்த குரலிற் சொன்னார்: கிரேக்க உள்நாட்டுப் போரில் தம் தந்தை போராட மலைக்குப் போய் மீளாதொழிந்தபோது தமக்கு நான்கு வயது, தாய் முப்பத்தோராண்டு அவருக்கும் சேர்த்து உணவுத்தட்டு வைத்தாள், ஊரார் அவளை அவ்வரசியின் பெயராலேயே அழைத்தனர், அப்படி அழைத்தவருள் ஒருவரேனும் ஒரு மாலைப்பொழுது அவளோடு வந்திருந்து உண்டதில்லை. இதைச் சொல்லிவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படங்களைக் கழற்றினார்.

வெளியே, வழக்கறிஞர் தந்த தாளுடன் கனகசிங்கம் ஊர்தியிற் காத்திருந்தார். அவள் ஏறியமர்ந்து, தாளை வாங்கி ஒருமுறை படித்து, மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

“அவர் செத்துப்போனார் எண்டு நான் எழுதமாட்டன். எனக்குத் தெரியாததை எப்பிடி எழுதுறது? ஆனா உங்களை விட்டிட்டு இருக்கவும் எனக்கு ஏலாது.”

அவர் கண்ணாடிவழியே பனியை நோக்கியிருந்தார். ஊர் என்ன சொல்லும் என்பது அவருக்கும் தெரியும்; தம் தமக்கை என்ன சொல்லுவாள் என்பது அதனினும் நன்றாய்த் தெரியும்.

“அப்ப எழுத வேணாம். இப்பிடியே இருப்பம். அவர் ஒருநாள் வந்து வாசல்ல நிண்டா, நான் எழும்பி வழி விடுவன்.”

அவள் ஆறாண்டின்பின் பிறரறியக் குரலெடுத்து அழுதாள். அழுதுமுடியும்வரை அவர் ஊர்தியை எடுக்கவில்லை.

இளவேனிலில் இருவரும் நகரின் வடகிழக்கே மில்லிக்கனில் ஒரு சிறுவீட்டிற் குடிபுகுந்தனர். ஊரார் தாம் சூட்டிய பட்டத்தை ஒரே கிழமையில் மீட்டுக்கொண்டனர். ரதியொருத்தி மட்டும் வந்துபோனாள். முன்னறைச் சுவரிலே தியாகலிங்கத்தின் படத்தைக் கனகசிங்கமே ஆணியடித்து மாட்டினார். மாலையிடவில்லை, விளக்கும் வைக்கவில்லை. புதிதாய் வந்தோர் படத்திலிருப்பவர் யாரென்று கேட்டால், அவள் தடுமாறுமுன் அவரே முந்திக்கொள்வார்.

“புனிதத்தின்ர அவர். வரவேண்டியவர்.”

வென்று மீண்டாரைப் பாடிய பழம்பாவலர்க்கு என் வணக்கம் என்றும் உரியது. மீளாதாரின் மனைவியரைப் பாடுவோர் இலர். மீளாதான் ஒருவனுக்கு வழிவிடக் காத்து, அதற்கிடையில் ஒருவர்க்கொருவர் சோறிட்டு வாழ்ந்த இவ்விருவரைப் பாடுவோர் அறவே இலர். ஆதலின், அறிவுடையீர், இச்சிற்றுரையை யான் எழுதிவைத்தேன்.